ஃபேனை மாற்றும் முன் தண்ணீரைப் பாருங்கள்!
பழைய அம்பாசடருக்கு எலக்ட்ரிக் ஃபேன்... எப்போது தேவை, எதை வாங்குவது?

‘எங்களிடம் 1984-ம் வருட பெட்ரோல் அம்பாசடர் கார் இருக்கிறது. அப்பா வாங்கியது. பூ மூட்டை, வாழைத்தார், பிள்ளைகள் என எல்லாம் இதில்தான் டவுனுக்குப் போய் வருகிறது. கொஞ்ச நாளாக, மார்க்கெட் பக்கம் நெரிசலில் நின்றால் ரேடியேட்டர் கொதிக்கிறது. எலக்ட்ரிக் ஃபேன் மாட்டினால் சரியாகிவிடும் என்கிறார் மெக்கானிக். செலவு செய்வதற்குப் பதில் இரும்புக்கடையில் போட்டுவிடலாம் என்கிறான் மகன். அப்பா ஓட்டிய வண்டி என்பதால் எனக்கு மனம் வரவில்லை. ஃபேன் மாட்டலாமா? மாட்டினால் எந்த ஃபேன் வாங்குவது?’

திண்டுக்கல் மாவட்ட வாசகர் ஒருவர் இப்படிக் கேட்டிருந்தார். கார் பற்றிய கேள்வியை வேளாண்மை அலுவலருக்கு அனுப்பியிருக்கிறார்களே என்று நீங்கள் நினைக்கலாம். என் வீட்டு வாசலிலும் ஓர் அம்பாசடர் நிற்கிறது என்பதும், இதே ஃபேன் விஷயத்தில் நான் ஒருமுறை கையைச் சுட்டுக்கொண்டேன் என்பதும் ஆசிரியர் குழுவுக்குத் தெரியும். அதனால்தான் கேள்வி என்னிடம் வந்திருக்கிறது.

மாரிஸ் ஆக்ஸ்ஃபோர்டு என்ற இங்கிலாந்து காரை அடிப்படையாக வைத்து, மேற்கு வங்காளத்தில் உள்ள உத்தர்பாராவில் இந்துஸ்தான் மோட்டார்ஸ் நிறுவனம் தயாரித்த வண்டி அம்பாசடர். 1957-ல் தொடங்கிய தயாரிப்பு 2014-ல் நின்றுபோனது. நம் கிராமங்களில் இன்னும் சில வண்டிகள் வேலை செய்துகொண்டிருக்கின்றன. அவற்றைக் காப்பாற்ற நினைப்பவர்களுக்காக, தெரிந்ததைச் சொல்கிறேன்.

இருட்டில் நின்ற வண்டி

பன்னிரண்டு வருடங்களுக்கு முன்பு என் காரும் இதேபோல் கொதித்தது. நானும் காரணத்தைத் தேடவில்லை. பழைய சாமான் கடையில் பெரிதாக ஒரு 16 இன்ச் எலக்ட்ரிக் ஃபேனை வாங்கி மாட்டச் சொன்னேன். ஸ்விட்ச் போட்டால் ‘விர்’ரென்று சுற்றியது. முள்ளும் சற்று இறங்கியது. வேலை முடிந்தது என்று நினைத்துக்கொண்டேன்.

ஐப்பசி மாதம். பழனி பக்கம் உறவினர் வீட்டு விசேஷத்துக்குப் போய்விட்டு இரவில் திரும்பினோம். பின் இருக்கையில் அம்மாவும் பிள்ளைகள் இருவரும். நல்ல மழை. ஹெட்லைட், வைப்பர், ஃபேன் எல்லாம் ஓடுகின்றன. மழையில் வண்டி ஊர்ந்துதான் வர முடிந்தது. இரண்டு மணி நேரம் ஆனதும், “ஏப்பா, லைட்டு மங்குதே” என்றார் அம்மா. பார்த்தேன், வெளிச்சம் மஞ்சளாகிக்கொண்டே வந்தது. அடுத்த சில நிமிடங்களில் எஞ்சின் இருமி நின்றுவிட்டது. பின் விளக்கும் இல்லை. பின்னால் லாரி வருகிறது. டீக்கடையில் ஒதுங்கி நின்றவர்கள் ஓடிவந்து வண்டியைத் தள்ளி ஓரம் கட்டினார்கள். அன்றைக்கு அவர்கள் இல்லையென்றால் என்ன ஆகியிருக்கும் என்று நினைக்கவே இப்போதும் பயமாக இருக்கிறது.

மறுநாள் காலையில் அந்த ஊர் ஆட்டோ எலக்ட்ரீஷியன் வந்து பார்த்தார். பழைய செய்தித்தாள் ஓரத்தில் ஒரு கணக்கு எழுதினார். “சார், உங்க டைனமோ நல்ல வேகத்துல ஓடினா 22 ஆம்பியர் குடுக்கும். அதுதான் வரவு. ஹெட்லைட் 9, காயில் 4, வைப்பர் 4, மத்த விளக்கு 2. அதுவே 19 ஆச்சு. இதுல 16 ஆம்பியர் ஃபேன் வேற. செலவு 35. வரவுக்கு மேல செலவு பண்ணா பேட்டரிங்கிற சேமிப்பு எத்தனை நேரம் தாங்கும்?” என்றார்.

விவசாயிகளுக்கு வரவு–செலவுக் கணக்கு எழுதச் சொல்லித் தருபவன் நான். என் வண்டிக்கு அதைப் பார்க்கவில்லை.

கதை அதோடு முடியவில்லை. ஃபேன் மாட்டியும் ஏற்றத்தில் வண்டி சூடாவது நிற்காததால், ரேடியேட்டரைக் கழற்றிக் கடைக்குக் கொண்டுபோனேன். மேல் டேங்கைப் பிரித்துக் காட்டினார்கள். பாதிக்கு மேற்பட்ட குழாய்களின் வாயில் வெள்ளையும் துருவும் கலந்த உப்பு அடைத்திருந்தது. வருடக்கணக்கில் எங்கள் தோட்டத்து போர் தண்ணீரைத்தான் ஊற்றிவந்தோம். அதே தண்ணீர் சொட்டுநீர்க் குழாயை அடைத்துவிடும், சுத்தம் செய்யுங்கள் என்று ஊர் ஊராகப் போய்ச் சொல்லிக்கொண்டிருந்தவனும் நான்தான்!

வாசகருக்கு நான் சொல்ல விரும்புவது இதுதான். ஃபேன் வாங்குவது கடைசி வேலை. அதற்கு முன்பு, வண்டி ஏன் சூடாகிறது என்று கண்டுபிடிக்க வேண்டும். அடுத்து, ஃபேனுக்குத் தேவையான மின்சாரம் வண்டியில் இருக்கிறதா என்று கணக்குப் பார்க்க வேண்டும். இரண்டையும் செய்யாமல் வாங்கினால், பணமும் போகும், எஞ்சினும் போகும்.

எப்போது சூடாகிறது?

பெட்ரோல் எரிந்து வரும் வெப்பத்தில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கைத் தண்ணீர் வழியாகத்தான் வெளியேற்ற வேண்டும். அதற்கு இரண்டு ஓட்டங்கள் தேவை. குழாய்களுக்குள் தண்ணீர் ஓட வேண்டும். குழாய்களுக்கு வெளியே காற்று ஓட வேண்டும். ஃபேனால் சரிசெய்ய முடிந்தது காற்றோட்டத்தை மட்டும்தான். தண்ணீர் ஓட்டத்தில் கோளாறு இருந்தால், எத்தனை பெரிய ஃபேனும் பயன் தராது.

எந்த ஓட்டத்தில் கோளாறு என்பதை ஓட்டும்போதே தெரிந்துகொள்ளலாம்.

நெரிசலில் நிற்கும்போது சூடாகி, ரோட்டில் 50, 60 கிலோமீட்டர் வேகத்தில் போகும்போது முள் தானாக இறங்கினால், காற்று போதவில்லை என்று அர்த்தம். ஓடும் வண்டிக்கு எதிர்க்காற்றே போதும். நிற்கும்போதுதான் ஃபேனை நம்ப வேண்டியிருக்கிறது. பழைய ஃபேன், எஞ்சின் சுற்றும் வேகத்துக்குத் தகுந்தபடிதான் சுற்றும். ஐடிலில் எஞ்சின் மெதுவாகச் சுற்றுவதால், ஃபேனும் மெதுவாகத்தான் சுற்றும். இந்த வண்டிக்கு எலக்ட்ரிக் ஃபேன் உதவும்.

மாறாக, நேர் ரோட்டில் வேகமாகப் போகும்போதும் முள் ஏறினால், தண்ணீர் ஓட்டத்திலோ எஞ்சினிலோ கோளாறு. ரேடியேட்டர் அடைப்பு, வாட்டர் பம்ப் தேய்மானம், திறக்காத தெர்மோஸ்டாட், உறிஞ்சலில் சப்பிப்போகும் கீழ் ஹோஸ், பின்தங்கிய இக்னிஷன் டைமிங், பிடித்துக்கொண்டிருக்கும் பிரேக் என்று எதுவாகவும் இருக்கலாம். இந்த வண்டிக்கு ஃபேன் வாங்குவது வீண்.

மலை ஏற்றத்தில் மட்டும் சூடானால் இரண்டையும் பார்க்க வேண்டும். வேகம் குறைவு, வேலை அதிகம். தவிர, உயரம் ஏற ஏறத் தண்ணீரின் கொதிநிலை குறையும். 300 மீட்டருக்கு ஏறக்குறைய ஒரு டிகிரி என்று வைத்துக்கொள்ளலாம். 2,100 மீட்டர் உயரத்தில் இருக்கும் கொடைக்கானலில் திறந்த பாத்திரத்துத் தண்ணீர் 93 டிகிரியிலேயே கொதித்துவிடும். ரேடியேட்டர் மூடியின் அருமை அங்கேதான் தெரியும். 7 பவுண்டு அழுத்தம் தாங்கும் மூடி, கொதிநிலையை ஏறக்குறைய 10 டிகிரி உயர்த்திவிடும். மூடியின் ரப்பர் இறுகிப்போயிருந்தால் அந்தப் பலன் கிடைக்காது. சிறு செலவில் மூடியை மாற்றிவிடலாம். அழுத்தம் கூடுதலான மூடி இன்னும் நல்லது என்று நினைத்துவிடக் கூடாது. பழைய ரேடியேட்டரின் பற்றவைப்பு விட்டுப்போகும். வண்டிக்கு உரிய அளவு மூடியைத்தான் போட வேண்டும்.

ஃபேன் வாங்கும் முன் செய்ய வேண்டிய சோதனைகள்

எல்லாவற்றையும் எஞ்சின் ஆறியிருக்கும் காலை நேரத்தில் செய்யுங்கள். சூடான ரேடியேட்டர் மூடியைத் திறந்து முகம் வெந்துபோனவர்கள் உண்டு.

முதலில் மூடியைத் திறந்து பாருங்கள். தண்ணீர் துருநிறமாக இருக்கிறதா? குழாய் வாய்களில் வெள்ளை படிந்திருக்கிறதா? இருந்தால் அடைப்பு உறுதி. வெந்நீர் அண்டாவின் அடியில் வெள்ளையாகப் படிகிறதே, அதே சுண்ணாம்பு உப்புதான் இது. தண்ணீரில் கரைந்திருக்கும் கால்சியம் பைகார்பனேட், சூடானதும் கார்பனேட்டாக மாறிப் படிந்துவிடும். சொட்டுநீர்க் குழாய்க்குச் செய்வதுபோல் ரேடியேட்டருக்குள் அமிலம் ஊற்றிவிடாதீர்கள். செம்பு, பித்தளை, ஈயப் பற்றவைப்பு எல்லாவற்றையும் அது அரித்துவிடும். ரேடியேட்டர் கடையில் டேங்கைப் பிரித்து, ஒவ்வொரு குழாய்க்குள்ளும் மெல்லிய தகட்டுக் கம்பி விட்டுச் சுத்தம் செய்து, மறுபடியும் பற்றவைத்துத் தருவார்கள். பழைய செம்பு ரேடியேட்டரில் இந்த வசதி உண்டு.

இரண்டாவது, வெளி அடைப்பு. களத்துமேட்டுத் தூசி, வைக்கோல் துணுக்கு, பூச்சி எல்லாம் தகட்டு இடுக்குகளில் அடைத்திருக்கும். எஞ்சின் பக்கத்திலிருந்து முன்பக்கம் நோக்கி, மிதமான வேகத்தில் தண்ணீர் அடித்துக் கழுவுங்கள். வாட்டர் சர்வீஸ் பிரஷரை நேராகக் காட்டினால் தகடுகள் மடங்கிவிடும்.

மூன்றாவது, ஃபேன் பெல்ட். இரண்டு புல்லிகளுக்கு நடுவில் விரலால் அழுத்தினால் அரை இன்ச் அளவுக்கு அமுங்கலாம். அதற்கு மேல் தொய்ந்தால் வாட்டர் பம்ப், ஃபேன், டைனமோ மூன்றுமே மெதுவாகச் சுற்றும்.

நான்காவது, ஹெட் கேஸ்கட். எஞ்சினை ஸ்டார்ட் செய்து, சூடாகும் முன்பே திறந்த ரேடியேட்டரைப் பாருங்கள். தண்ணீருக்குள் குமிழ் தொடர்ந்து வந்தாலோ, ஆயில் பால் கலந்த காபிபோல மாறியிருந்தாலோ கேஸ்கட் போயிருக்கிறது. உடனே வண்டியை நிறுத்திவிடுங்கள். அப்படியே ஓட்டினால் ஹெட் வெடித்துவிடும்.

இந்த நான்கையும் சரிசெய்த பிறகு ஒரு வாரம் ஓட்டிப் பாருங்கள். ஃபேன் வாங்கும் தேவையே பல வண்டிகளுக்கு இல்லாமல் போய்விடும்.

செலவில்லாத முதல் வழி

அப்போதும் நெரிசலில் சூடானால், எலக்ட்ரிக் ஃபேனுக்கு முன்பு இன்னொரு வழி இருக்கிறது. ஷ்ரவுட் என்று மெக்கானிக்குகள் சொல்லும் தகட்டுக் கூடு. ரேடியேட்டருக்கும் ஃபேனுக்கும் நடுவில் இடைவெளி திறந்து கிடந்தால், ஃபேன் பக்கவாட்டில் இருக்கும் சூடான காற்றைத்தான் இழுத்துச் சுற்றும். ரேடியேட்டரின் நான்கு ஓரங்களையும் மூடி, ஃபேன் இருக்கும் இடத்தில் வட்டமாகத் திறந்த கூடு வைத்தால், இழுக்கிற காற்று முழுக்க ரேடியேட்டர் வழியாகத்தான் வந்தாக வேண்டும். தகட்டு வேலை செய்யும் டிங்கர் பட்டறையில் அளவு கொடுத்தால் செய்துவிடுவார்கள். இறக்கையின் அகலத்தில் பாதி கூட்டுக்குள்ளும் பாதி வெளியிலும் இருக்க வேண்டும். எஞ்சின் ஆட்டத்துக்காக, இறக்கையின் நுனிக்கும் கூட்டுக்கும் நடுவில் ஒரு விரல் இடைவெளி விடுங்கள். என் வண்டியில் ரேடியேட்டரைச் சுத்தம் செய்து கூடும் போட்ட பிறகு, கோடை வெயிலிலும் பழைய ஃபேனே சமாளித்தது. திருவிழா நெரிசலில் மட்டும்தான் திணறியது.

எலக்ட்ரிக் ஃபேன்: மின்சாரக் கணக்கு

உங்கள் வண்டியில் இருப்பது டைனமோவா, ஆல்டர்னேட்டரா என்று முதலில் பாருங்கள். நீளமான உருளைபோல இருந்தால் டைனமோ. குட்டையாக, பருமனாக, காற்று போகும் துளைகளோடு இருந்தால் ஆல்டர்னேட்டர். டைனமோவிடம் ஒரு பெரிய குறை உண்டு. எஞ்சின் ஐடிலில் ஓடும்போது அது மின்சாரம் தருவதே இல்லை என்று சொல்லலாம். நமக்கு ஃபேன் தேவைப்படுவதும் அந்த நேரத்தில்தான்!

அதனால் டைனமோ வண்டிக்கு இரண்டு வழிகள்தான். ஒன்று, எஞ்சின் ஃபேனை அப்படியே வைத்துக்கொண்டு, ரேடியேட்டருக்கு முன்னால் 6, 8 ஆம்பியருக்குள் இயங்கும் சிறு ஃபேனை உதவிக்கு மாட்டுவது. நெரிசலில் மட்டும் போட்டு, நகர்ந்ததும் நிறுத்திவிடலாம். இரண்டாவது, 40 ஆம்பியர் அல்லது அதற்கு மேல் தரும் ஆல்டர்னேட்டரை மாட்டிவிட்டு, அதன் பிறகு பெரிய ஃபேனுக்குப் போவது. டைனமோவை வைத்துக்கொண்டு பெரிய ஃபேன் மாட்டுவது, நான் செய்த தவறு. நீங்கள் செய்யாதீர்கள்.

பழைய சாமான் கடையில் வாங்கினால், அங்கேயே பேட்டரியில் இணைத்து ஓடவிட்டு, க்ளாம்ப் மீட்டர் வைத்து எத்தனை ஆம்பியர் இழுக்கிறது என்று பார்த்து வாங்குங்கள். பேரிங் சத்தம் வந்தாலோ, மோட்டார் சீக்கிரம் சுட்டாலோ வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். கிளம்பும் நொடியில் மோட்டார் ஓடும்போது எடுப்பதைவிட இரண்டு, மூன்று மடங்கு மின்சாரம் இழுக்கும். அதையும் தாங்கும் வயரும் ஃபியூஸும் வேண்டும்.

எந்த அளவு, எந்தப் பக்கம்?

ரேடியேட்டரின் காற்றுப் பகுதியை மட்டும் அளந்துகொள்ளுங்கள். எடுத்துக்காட்டாக, 16 இன்ச் அகலம், 18 இன்ச் உயரம் இருந்தால் பரப்பு 288 சதுர இன்ச். 12 இன்ச் ஃபேனின் வட்டம் 113 சதுர இன்ச். ரேடியேட்டரில் ஐந்தில் இரண்டு பங்குதான். 14 இன்ச் ஃபேன் பாதிக்குச் சற்று அதிகமாக மூடும். 16 இன்ச் ஃபேன் ஏறக்குறைய 70 சதவிகிதம் மூடும். ஆனால், பெரிய ஃபேனுக்கு மின்சாரமும் அதிகம். கூட்டோடு சேர்ந்த 14 இன்ச் ஃபேன், கூடு இல்லாத 16 இன்ச் ஃபேனைவிட நன்றாக வேலை செய்வதைப் பார்த்திருக்கிறேன். கூடு முழு ரேடியேட்டரிலிருந்தும் காற்றை இழுக்க வைக்கும்.

அடுத்து, ஃபேனை மாட்டும் பக்கம். எஞ்சின் பக்கம் இருந்து காற்றை இழுக்கும் ஃபேனே மேல். முன்பக்கம் இருந்து தள்ளும் ஃபேன், வண்டி ஓடும்போது எதிர்க்காற்றை மறைத்து நிற்கும். பின்னால் இடம் இல்லாதபோதும், உதவி ஃபேனாகவும் மட்டும் முன்பக்கம் மாட்டலாம். வாட்டர் பம்ப் புல்லிக்கும் ரேடியேட்டருக்கும் நடுவில் எத்தனை இன்ச் இருக்கிறது என்பதை அளந்து, மோட்டாரோடு சேர்த்து ஃபேனின் தடிமன் அதற்குள் அடங்குகிறதா என்று பார்த்துவிட்டே வாங்குங்கள்.

இழுக்கும் ஃபேனை வயரை மாற்றிக் கொடுத்துத் தள்ளும் ஃபேனாக்கலாம் என்று சிலர் சொல்வார்கள். காற்று எதிர்ப்பக்கம் போகும். ஆனால், இறக்கையின் வளைவு அதற்கு ஏற்றதல்ல, காற்றின் அளவு குறைந்துவிடும். சில பழைய வண்டிகளில் பேட்டரியின் பாசிட்டிவ் முனை பாடியில் எர்த் செய்யப்பட்டிருக்கும். அதைக் கவனிக்காமல் இணைத்தால் ஃபேன் தலைகீழாகச் சுற்றும். மாட்டியதும் ஒரு தாளை ரேடியேட்டரின் முன்னால் பிடித்துப் பாருங்கள். தாள் ரேடியேட்டரோடு ஒட்டிக்கொண்டால் சரியான திசை.

மாட்டும்போது கவனிக்க வேண்டியவை

* அம்பாசடரில் பழைய ஃபேன், வாட்டர் பம்ப் புல்லியின் மேல் இருக்கிறது. ஃபேன் இறக்கையை மட்டும் கழற்றுங்கள். பெல்ட்டைக் கழற்றிவிட்டால் வாட்டர் பம்ப்பும் டைனமோவும் நின்றுபோகும். கழற்றிய ஃபேனை டிக்கியில் பத்திரமாக வைத்திருங்கள். வழியில் எலக்ட்ரிக் ஃபேன் நின்றால், அதை மாட்டிக்கொண்டு வீடு வந்துவிடலாம்.

* ரேடியேட்டர் தகடுகளுக்குள் பிளாஸ்டிக் கட்டுக்கம்பியை நுழைத்து ஃபேனைக் கட்டுவது வேண்டாம். ஆடி ஆடிக் குழாயை அறுத்துவிடும். பட்டை இரும்பில் பிராக்கெட் செய்து, ரேடியேட்டரின் பக்கச் சட்டத்தில் போல்ட் போடுங்கள்.

* டேஷ்போர்டு ஸ்விட்ச் வழியாக ஃபேனுக்கு நேரடி மின்சாரம் கொடுத்தால் ஸ்விட்ச் கருகிவிடும். 30 அல்லது 40 ஆம்பியர் ரிலே, பேட்டரிக்கு அருகில் ஃபியூஸ், 4 சதுர மில்லிமீட்டர் செம்பு வயர் வேண்டும். பெயின்டைச் சுரண்டி எடுத்துவிட்டு எர்த் கொடுங்கள். ரிலேயை இயக்கும் வயரை இக்னிஷனிலிருந்து எடுங்கள். சாவியை எடுத்த பிறகு ஃபேன் ஓடிப் பேட்டரி இறங்காது.

* வெப்பநிலை ஸ்விட்ச், தெர்மோஸ்டாட் திறக்கும் அளவைவிட அதிகமான வெப்பநிலையில் இயங்குவதாக இருக்க வேண்டும். தெர்மோஸ்டாட் 82 டிகிரியில் திறப்பதாக இருந்தால், மேல் ஹோஸ் பக்கம் வைக்கும் ஸ்விட்ச் 92–95 டிகிரியில் போட்டு, 87 டிகிரி அளவில் நிறுத்துவது சரி. 80 டிகிரி ஸ்விட்ச் வைத்தால் ஃபேன் நிற்கவே நிற்காது. கீழ் ஹோஸுக்கு வருவது ஆறிய தண்ணீர். அங்கே வைப்பதாக இருந்தால் அதற்கென்று குறைந்த அளவு ஸ்விட்ச் கேட்டு வாங்குங்கள்.

* வெப்பநிலை ஸ்விட்ச் பழுதானால் கையால் போட்டுக்கொள்ள, டேஷ்போர்டில் ஒரு ஸ்விட்சும், ஃபேன் ஓடுவதைக் காட்டும் சிறு விளக்கும் வையுங்கள்.

எல்லாம் முடிந்ததும் கடைசிச் சோதனை. ஹெட்லைட், வைப்பர், ஃபேன் மூன்றையும் போட்டு, எஞ்சினை ஐடிலைவிடச் சற்றுக் கூடுதலாக ஓடவிட்டு, பேட்டரி முனையில் வோல்ட் மீட்டர் வைத்துப் பாருங்கள். 13.5-லிருந்து 14.4 வோல்ட் வரை காட்டினால் வரவு போதும். 12.6-க்குக் கீழே இறங்கினால் சேமிப்பு கரைகிறது. அந்த வண்டியை இரவுப் பயணத்துக்கு எடுக்காதீர்கள்.

தண்ணீரோடு தொடங்கி, தண்ணீரோடு முடியும்

சுத்தம் செய்த ரேடியேட்டரில் மறுபடியும் போர் தண்ணீரை ஊற்றினால் எல்லாம் வீண். பேட்டரிக்கு ஊற்றும் டிஸ்டில்டு வாட்டரோடு கூலன்ட் கலந்து ஊற்றுங்கள். டப்பாவில் போட்டிருக்கும் கலவை அளவையும் மாற்றும் காலத்தையும் கடைப்பிடியுங்கள்.

இங்கே ஆடு, மாடு வைத்திருப்பவர்களுக்கு ஓர் எச்சரிக்கை. கூலன்ட்டில் இருக்கும் எத்திலீன் கிளைக்கால் இனிப்புச் சுவை உடையது. நாயும் கன்றுக்குட்டியும் நக்கிக் குடித்துவிடும். அது கொடிய விஷம். சிறுநீரகம் கெட்டு இறந்துவிடும். பழைய கூலன்ட்டைத் தரையில் திறந்துவிடாமல் கேனில் பிடித்து மூடி, பட்டறையில் ஒப்படையுங்கள். சிந்திய இடத்தில் மண்ணைப் போட்டு அள்ளிவிடுங்கள். பிள்ளைகள் கைக்கும் எட்டக் கூடாது.

வாசகர்கள் கேட்கக்கூடிய சில கேள்விகள்

‘டிராக்டருக்கும் எலக்ட்ரிக் ஃபேன் மாட்டலாமா?’

வேண்டாம். உழவு ஓட்டும்போது டிராக்டர் நடை வேகத்தில்தான் போகிறது. எதிர்க்காற்று கிடையாது. எஞ்சினோ முழுச் சுமையில் மணிக்கணக்கில் ஓடுகிறது. காரில் ஃபேன் விட்டுவிட்டு ஓடினால் போதும். டிராக்டரில் ஓயாமல் ஓட வேண்டும். புழுதி வேறு. கம்பெனி கொடுத்த ஃபேனும் கூடும்தான் அதற்குச் சரி. டிராக்டர் சூடானால் முன்வலையையும் ரேடியேட்டரையும் தினமும் சுத்தம் செய்யுங்கள்.

‘மாருதி 800-ல் எலக்ட்ரிக் ஃபேன்தானே இருக்கிறது. அம்பாசடருக்கு மட்டும் ஏன் இத்தனை யோசனை?’

1983-ல் வந்த மாருதி 800-ல் எஞ்சினைக் குறுக்காக வைத்திருக்கிறார்கள். எஞ்சின் புல்லி பக்கவாட்டைப் பார்த்து நிற்பதால், முன்னால் இருக்கும் ரேடியேட்டருக்கு பெல்ட்டில் ஃபேன் ஓட்ட முடியாது. அதற்கேற்ற ஆல்டர்னேட்டர், வயரிங் எல்லாம் சேர்த்தே வடிவமைத்தார்கள். அம்பாசடரில் நாம் ஃபேனை மட்டும் மாற்றுகிறோம். மீதியையும் நாமே யோசிக்க வேண்டியிருக்கிறது.

‘தெர்மோஸ்டாட்டைக் கழற்றிவிட்டால் சூடு குறையும் என்கிறார்களே?’

தெர்மோஸ்டாட் இல்லாவிட்டால் எஞ்சின் சரியான சூட்டுக்கு வர நேரமாகும். பெட்ரோல் செலவும் தேய்மானமும் கூடும். சந்தேகம் இருந்தால் கழற்றி, பாத்திரத்துத் தண்ணீரில் போட்டுச் சூடாக்கிப் பாருங்கள். கொதிக்கும் முன்பே திறந்துவிட்டால் நல்லது. திறக்காவிட்டால் புதியது மாட்டுங்கள்.

‘வழியில் கொதித்துவிட்டால் என்ன செய்வது?’

ஓரமாக நிறுத்தி, எஞ்சினை அணைத்து, பானட்டைத் திறந்துவையுங்கள். அரை மணி நேரமாவது மூடியைத் தொடாதீர்கள். கொதிக்கும் எஞ்சின் மேலோ உள்ளேயோ பச்சைத் தண்ணீரை ஊற்றினால் ஹெட்டில் விரிசல் விழும். ஆறிய பிறகு மூடியைத் துணி போட்டு மெதுவாகத் திறந்து, எஞ்சினை ஓடவிட்டுக் கொஞ்சம் கொஞ்சமாகத் தண்ணீர் சேர்க்க வேண்டும்.

இப்போது அந்த வாசகருக்கு. உங்கள் வண்டி நெரிசலில்தான் சூடாகிறது என்கிறீர்கள். அது நல்ல அறிகுறி. முதலில் ரேடியேட்டரைச் சுத்தம் செய்து, மூடியையும் பெல்ட்டையும் பார்த்து, தகட்டுக் கூடு போடுங்கள். இந்த அளவிலேயே சரியாகலாம். ஆகாவிட்டால், ஆல்டர்னேட்டர் இருக்கிறதா என்று பார்த்துவிட்டு, 14 இன்ச் அளவில் இழுக்கும் ஃபேனாக வாங்குங்கள். டைனமோதான் இருக்கிறது என்றால், அதை மாற்றும் வரை முன்பக்கம் சிறு உதவி ஃபேன் போதும். இந்த வரிசையில் செய்தால், எந்தப் படியில் நின்றாலும் அதுவரை செலவழித்த பணம் வீணாகாது. உங்கள் மகனையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு செய்யுங்கள். கழற்றிப் பார்த்த வண்டியை இரும்புக்குப் போட அவருக்கும் மனம் வராது.

என் வண்டிக்கும் பிறகு ஆல்டர்னேட்டர் மாட்டி, கூட்டோடு 14 இன்ச் ஃபேன் வைத்துவிட்டேன். இப்போதும் இரவில் மழை வந்தால், பின் இருக்கையிலிருந்து அம்மா எட்டிப் பார்த்துக் கேட்பார்: “லைட்டு நல்லா எரியுதாப்பா?”

எரிகிறது. சித்திரை வெயில் வருவதற்கு முன்பு நீங்களும் ஒருமுறை ரேடியேட்டர் மூடியைத் திறந்து பார்த்துவிடுங்கள். என்ன கண்டீர்கள் என்று இதழுக்கு எழுதுங்கள்.